விண்வெளிச் செய்திகளைப் பின்தொடர்வது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 பிப்ரவரியில் ஒரு சிறுகோள் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அதன் பெயர் 2024 ஒய்ஆர்4. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் என்றார்கள். பிறகு அது இரண்டைத் தாண்டியது. பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதத்தைத் தொட்டது. எண் ஏற ஏறத் தலைப்புகளின் சத்தமும் ஏறியது. அடுத்த சில நாட்களிலேயே அந்த எண் மளமளவென்று சரிந்து, மாத முடிவுக்குள் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்துவிட்டது. ஏறியதைப் படித்தவர்கள் ஏராளம். இறங்கியதைத் தேடிப் படித்தவர்கள் குறைவு.

விஞ்ஞானிகள் முதலில் தப்புக் கணக்குப் போட்டுவிட்டார்களா? இல்லை. ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்த புதிதில் அதன் பாதை மெல்லிய கோடாகத் தெரியாது, நீளமான ஒரு பட்டையாகத்தான் தெரியும். அந்தப் பட்டைக்குள் எங்கே வேண்டுமானாலும் அது இருக்கலாம். தொலைநோக்கிகளிலிருந்து அளவீடுகள் சேரச் சேரப் பட்டை சுருங்கும். பூமி இன்னும் அந்தப் பட்டைக்குள்ளேயே இருந்தால், சுருங்கிய பட்டையில் பூமிக்கு உரிய பங்கு கூடும். அதனால் சதவீதமும் கூடும். இன்னும் கொஞ்சம் சுருங்கிப் பூமி பட்டைக்கு வெளியே போனதும் சதவீதம் ஒரேயடியாக விழுந்துவிடும். 2004 டிசம்பரில் அபோபிஸ் சிறுகோளுக்கும் இதேதான் நடந்தது. 2.7 சதவீதம் வரை ஏறி, பிறகு இறங்கியது. இது தெரிந்தவருக்கு 3.1 என்ற எண்ணைப் பார்த்ததும் பதற்றம் வராது. 'சரி, அடுத்த வாரம் என்ன ஆகிறது பார்ப்போம்' என்றுதான் தோன்றும்.

விண்வெளிச் செய்தியை ஒரு நாள் மட்டும் படித்தால் பயமோ வியப்போதான் மிஞ்சும். ஒரே விஷயத்தை விடாமல் பின்தொடர்ந்தால்தான் அது புரியத் தொடங்கும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான். இயற்பியல் பட்டம் வேண்டாம். தொலைநோக்கிகூட இப்போதைக்கு வேண்டாம்.

முதல் படி: ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஆர்வம் வந்த புதிதில் எல்லாவற்றையும் படிக்கத் தோன்றும். கருந்துளை, செவ்வாய், ராக்கெட், வேற்றுக்கிரக உயிர் என்று ஒரே நாளில் இருபது செய்தி படித்தால் மறுநாள் ஒன்றும் நினைவில் நிற்காது. அதனால் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு விண்கலத்தையோ ஒரு பொருளையோ மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றையும் படிக்கலாம், ஆனால் இது உங்களுடையதாக இருக்கட்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? இப்போது வேலை செய்துகொண்டிருப்பதாக இருக்க வேண்டும். அடிக்கடி ஏதாவது தகவல் வர வேண்டும். செவ்வாயில் ஓடும் பெர்சிவியரன்ஸ் உலாவி, சூரியனை நோக்கியபடி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஆதித்யா எல்1, அகச்சிவப்பில் பார்க்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எல்லாம் நல்ல தேர்வுகள். இன்னும் கட்டிமுடிக்காத ராக்கெட்டைத் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். தள்ளிப்போன தேதிகளைப் படித்தே சலித்துவிடுவீர்கள்.

என்னைக் கேட்டால் வாயேஜர் 1 விண்கலம் என்பேன். 1977 செப்டம்பர் 5 அன்று கிளம்பியது. வாயேஜர் 2 அதற்கு முன்பே, ஆகஸ்ட் 20 அன்றே கிளம்பிவிட்டது. வியாழனை முதலில் அடையப்போவது எதுவோ அதற்கு 1 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். 2012 ஆகஸ்டில் வாயேஜர் 1 சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி விண்மீன்களுக்கு இடையிலான வெளிக்குள் போனது. 2023 நவம்பரில் அதிலிருந்து அர்த்தமில்லாத ஒரே மாதிரியான ஒன்றும் பூஜ்ஜியமும் மட்டும் வரத் தொடங்கின.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரே நாளில் படித்தால் 'பழுது சரிசெய்யப்பட்டது' என்ற ஒரு வரிதான். மாதக்கணக்கில் பின்தொடர்ந்தவர்களுக்கு அது வேறு அனுபவம். விண்கலத்தின் மூன்று கணினிகளில் ஒன்றில், நினைவகச் சில்லு ஒன்று பழுதாகியிருந்தது. அதில் இருந்த நிரலை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். ஆனால் முழு நிரலும் கொள்ளும் அளவுக்கு எந்த ஓர் இடத்திலும் காலியில்லை. அதனால் அதைத் துண்டுகளாக்கி வெவ்வேறு மூலைகளில் வைத்து, துண்டுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும்படி திருத்தி எழுதினார்கள். கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வந்துசேர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பிய கட்டளைக்கு ஏப்ரல் 20 அன்று ஒழுங்கான பதில் வந்தது. அந்த இரண்டு நாள் காத்திருப்பைக் கூடவே இருந்து காத்திருந்தவர்களுக்கு விண்வெளியின் தூரம் என்றால் என்ன என்று யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதோடு சேர்த்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகமோ கைபேசியில் ஒரு குறிப்போ வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் மூன்று விஷயம் எழுதினால் போதும்: என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், அடுத்து எப்போது தெரியவரும். மூன்றாவதுதான் முக்கியம். 'ஜூலையில் மறுபடி அளப்பார்கள்' என்று எழுதி வைத்தால் ஜூலையில் நீங்களே போய்ப் பார்ப்பீர்கள். பெரும்பாலான வாசகர்கள் செய்யாதது இதுதான்.

இரண்டாம் படி: செய்தி கிளம்பிய இடத்துக்குப் போங்கள்

ஒரு விண்வெளிச் செய்தி உங்கள் கைக்கு வரும்போது அது பல கை மாறியிருக்கும். ஆய்வுக்குழு கட்டுரை எழுதும். பல்கலைக்கழகமோ விண்வெளி அமைப்போ அதைப் பற்றிச் செய்திக்குறிப்பு வெளியிடும். செய்தி நிறுவனம் அதைச் சுருக்கும். யாரோ ஒருவர் அதற்குத் தலைப்பு வைப்பார். இன்னொருவர் தலைப்பை மட்டும் பகிர்வார். ஒவ்வொரு கையிலும் ஒரு 'இருக்கலாம்' உதிர்ந்துபோகும். அதனால் ஒரு படியாவது பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். செய்திக்குறிப்பு வரை போனாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாசா, இஸ்ரோ, ஐரோப்பிய விண்வெளி அமைப்பு, ஜப்பானின் ஜாக்சா எல்லாம் தங்கள் விண்கலங்களுக்கென்று தனிப் பக்கங்கள் வைத்திருக்கின்றன. ஏவுதலுக்கோ தரையிறக்கத்துக்கோ முன்பு செய்தியாளர்களுக்காக ஒரு விரிவான கையேடு வெளியிடுவது பல அமைப்புகளின் வழக்கம். பொதுமக்களும் அதைப் படிக்கலாம். ஒரு விண்கலத்தைப் பற்றி எளிமையாகவும் துல்லியமாகவும் எழுதப்பட்ட ஒன்று வேண்டும் என்றால் அதைவிடச் சிறந்தது இல்லை.

சிறுகோள் பற்றிய செய்தி என்றால் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்தும் பூமிக்கு அருகில் வரும் பொருட்களுக்கான மையத்தின் பட்டியலைப் பாருங்கள். மோதும் வாய்ப்புள்ளவை எல்லாம் எண்களோடு அங்கே இருக்கும். 'ஆபத்தான' என்ற சொல்லுக்கு அங்கே ஒரு கறாரான வரையறை உண்டு: பாதை பூமியின் பாதைக்கு 75 லட்சம் கிலோமீட்டருக்குள் வர வேண்டும், அளவு சுமார் 140 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 75 லட்சம் கிலோமீட்டர் என்பது நிலவின் தூரத்தைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு. 'ஆபத்தான சிறுகோள் இன்று பூமியைக் கடக்கிறது' என்ற செய்தி ஏன் அடிக்கடி வருகிறது, ஏன் ஒன்றும் ஆவதில்லை என்பது இப்போது புரியும்.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கவும் பயப்பட வேண்டாம். 1991-இல் தொடங்கிய ஆர்க்சைவ் தளத்தில் வானியல் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைக்கின்றன. முழுக்கப் படிக்க முயலாதீர்கள். சுருக்கம், படங்களுக்குக் கீழே உள்ள விளக்கங்கள், கடைசியில் உள்ள முடிவுரை, இவ்வளவு போதும். சமன்பாடுகளைத் தாண்டிப் போங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே வருபவற்றில் பல, மற்ற நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே வருபவை. 'ஆய்விதழில் ஏற்கப்பட்டது' என்று குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, பலருக்கு இது தெரியாது. நாசாவின் ஆழ்விண்வெளித் தொடர்புக்கு மூன்று இடங்களில் ராட்சத அலைவாங்கிகள் இருக்கின்றன: கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினில் மாட்ரிட் அருகே, ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருகே. பூமி எப்படிச் சுழன்றாலும் ஏதாவது ஒன்று விண்கலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஏறத்தாழ சம இடைவெளியில் அமைத்திருக்கிறார்கள். எந்த அலைவாங்கி இந்த நிமிடம் எந்த விண்கலத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதை நேரடியாகக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த விண்கலத்தின் பெயர் அதில் வருகிறதா என்று தினமும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். சமிக்ஞையின் வலிமை, போய்வர ஆகும் நேரம் எல்லாம் அங்கேயே இருக்கும். அது எழுதிய செய்தி அல்ல, நடந்துகொண்டிருக்கும் சம்பவம்.

மூன்றாம் படி: கொஞ்சம் எண்கள், கொஞ்சம் சொற்கள்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். மனப்பாடம் செய்ய வேண்டியவை குறைவு.

ஒளி நிலவிலிருந்து வர 1.3 வினாடி, சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 வினாடி. ஒளியாண்டு என்பது காலம் அல்ல, தூரம், ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டரில் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. இந்தக் கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, நிலவுக்கு மனிதரை அனுப்புவது ஏன் இவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்துவிடும்.

விண்மீன்களின் ஒளியைக் குறிக்கும் பொலிவெண் தலைகீழானது. எண் குறையக் குறையப் பொலிவு கூடும். முழுநிலவு மைனஸ் 12.7, சிரியஸ் மைனஸ் 1.5, நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரிவதன் எல்லை 6. ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு பொலிவு.

சூரியத் தீக்கொழுந்துகளை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகைப்படுத்துவார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. தீக்கொழுந்தின் ஒளி எட்டு நிமிடத்தில் வந்துவிடும். கூடவே கிளம்பும் பொருள் மேகம் வந்துசேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். 2024 மே 10 அன்று வந்த புயல், 2003 அக்டோபருக்குப் பிறகு ஜி5 என்ற உச்ச அளவைத் தொட்ட முதல் புயல். 'சூரியப் புயல் வருகிறது' என்ற செய்தியைப் பார்த்தால் ஜி எண் என்ன என்று தேடுங்கள். ஜி1 ஆண்டு முழுக்க அடிக்கடி வரும்.

நேரங்களெல்லாம் உலகப் பொது நேரத்தில்தான் அறிவிக்கப்படும். உங்கள் கைபேசிக் கடிகாரத்தில் அதையும் ஒரு நகரம்போலச் சேர்த்துவிடுங்கள். தேதியே மாறிப்போகும் என்பதால் சொல்கிறேன். 2012-இல் கியூரியாசிட்டி உலாவி செவ்வாயில் இறங்கியது ஆகஸ்ட் 5 என்று சில இடங்களிலும் ஆகஸ்ட் 6 என்று சில இடங்களிலும் படிப்பீர்கள். இரண்டும் சரி. செவ்வாயின் நாளைச் 'சோல்' என்பார்கள். அது நம் நாளைவிட ஏறக்குறைய 40 நிமிடம் நீளம்.

ஏவுதல் தேதியோடு 'இதற்கு முன்பு அல்ல' என்ற தொடர் வந்தால், அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் என்று பொருள். அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜேம்ஸ் வெப் முதலில் 2007-இல் கிளம்பும் என்று திட்டமிட்டது. கிளம்பியது 2021 டிசம்பர் 25 அன்று. ஆனால் செவ்வாய்க்குப் போகும் விண்கலத்தின் தேதிகள் அப்படி இழுபடாது. பூமியும் செவ்வாயும் தோதான இடத்துக்கு 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வருகின்றன. சில வார வாய்ப்பைத் தவறவிட்டால் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதுதான்.

நான்காம் படி: 'கண்டுபிடிப்பு' என்ற சொல் வந்தால் நிதானியுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விண்வெளி ஆர்வலர்கள் ஏமாறுவதும், பிறகு 'இந்த விஞ்ஞானிகளே இப்படித்தான்' என்று சலித்துக்கொள்வதும் இங்கேதான்.

கே2-18பி என்ற கோளை எடுத்துக்கொள்வோம். 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்பைடு அல்லது அதன் உறவுக்கார வேதிப்பொருள் ஒன்றின் தடயம் இருக்கிறது என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு 2025 ஏப்ரலில் சொன்னது. பூமியில் அந்தப் பொருளைப் பெரும்பாலும் கடல்வாழ் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. உடனே 'வேற்றுக்கோளில் உயிர்' என்று தலைப்புகள் வந்தன.

இப்படிப்பட்ட செய்தியைக் கண்டால் உங்களை நீங்களே கேட்க வேண்டிய முதல் கேள்வி: உண்மையில் எதை அளந்தார்கள்? அவர்கள் உயிரை அளக்கவில்லை. வேதிப்பொருளைக்கூட நேரடியாக அளக்கவில்லை. கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது வந்த ஒளியில், சில அலைநீளங்கள் எவ்வளவு குறைகின்றன என்று அளந்தார்கள். அந்தக் குறைவுக்குப் பொருந்தும் வேதிப்பொருள் எது என்பது கணிப்பு. அந்த வேதிப்பொருளுக்கு உயிர்தான் காரணம் என்பது அதற்கும் மேல் ஒரு கணிப்பு.

இரண்டாவது, எவ்வளவு உறுதி? அந்தக் குழு சொன்னது மூன்று சிக்மா. அப்படி ஒரு சமிக்ஞை இல்லாமலே, வெறும் தற்செயலால் இப்படித் தெரிய ஏறக்குறைய 0.3 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பது அதன் பொருள். கேட்க வலுவாகத் தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கான அளவீடுகள் நடக்கும் துறையில் இது போதாது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து சிக்மா கேட்பார்கள். அதாவது தற்செயலுக்கான வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்று.

மூன்றாவது, வேறு யாராவது சரிபார்த்தார்களா? கே2-18பி விஷயத்தில் மற்ற குழுக்கள் அதே தரவை எடுத்து வேறு முறைகளில் ஆராய்ந்தன. வலுவான சான்று இல்லை என்று அவற்றில் பல சொல்லிவிட்டன. நான்காவது, உயிர் இல்லாமல் அது உண்டாகுமா? 67பி என்ற வால்வெள்ளியிலேயே டைமெத்தில் சல்பைடு இருப்பதாக 2024-இல் ஓர் ஆய்வு சொன்னது. வால்வெள்ளியில் கடல்வாழ் உயிர் கிடையாது.

இப்படிக் கேள்வி கேட்பது அந்தக் குழுவைக் குறைசொல்வது ஆகாது. அவர்கள் தங்கள் கட்டுரையில் மேலும் அளவீடு வேண்டும் என்றுதான் எழுதினார்கள். அறிவியல் இப்படித்தான் பொது இடத்தில் வாதாடி முன்னேறும். 2014 மார்ச்சில் தென்துருவத்திலிருந்து பைசெப்2 குழு, பேரண்டத்தின் முதல் நொடியிலிருந்து வந்த ஈர்ப்பலைகளின் (வெளியையே நீட்டிச் சுருக்கும் அலைகளின்) தடம் கிடைத்தது என்று அறிவித்தது. ஓர் ஆண்டுக்குள், பிளாங்க் விண்கலத்தின் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தச் சமிக்ஞைக்கு நம் பால்வெளியின் தூசியே போதுமான விளக்கம் என்று தெரிந்தது. அதே பைசெப் குழுவும் சேர்ந்துதான் அந்த ஆய்வைச் செய்தது.

மறுபக்கமும் பாருங்கள். கருந்துளைகள் மோதியதால் வந்த ஈர்ப்பலையை லைகோ கருவிகள் 2015 செப்டம்பர் 14 அன்று பதிவு செய்தன. அறிவித்தது 2016 பிப்ரவரி 11 அன்று. நடுவில் ஐந்து மாதம் சரிபார்த்தார்கள். வெகு தூரத்தில் இருக்கும் இரண்டு கருவிகள் ஒரே அலையைப் பதிவு செய்திருந்தன, உறுதி ஐந்து சிக்மாவைத் தாண்டியிருந்தது. அந்த முடிவு இன்றுவரை நிற்கிறது, அதற்குப் பிறகு இன்னும் பல ஈர்ப்பலைகள் கிடைத்துவிட்டன. இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் படித்தால், எந்தச் செய்தி நிற்கும் எது ஆடும் என்று உங்களுக்கே ஒரு மோப்பம் வந்துவிடும்.

படங்களிலும் கவனம் தேவை. வேற்று விண்மீனைச் சுற்றும் கோளின் கடலும் மேகமும் தெரியும்படி ஒரு படம் வந்தால் அது ஓவியர் வரைந்தது. மூலப் பக்கத்தில் அப்படியே எழுதியிருப்பார்கள். பகிரும்போதுதான் அந்த வரி காணாமல் போகும். ஜேம்ஸ் வெப் படங்கள் வேறு வகை. அவை நிஜத் தரவு, ஆனால் அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நீண்ட அலைகளுக்குச் சிவப்பு, குறுகிய அலைகளுக்கு நீலம் என்ற வரிசையில் நிறம் கொடுக்கிறார்கள். அதைப் பொய் என்று சொல்வது தவறு. கண்ணால் அப்படிப் பார்க்கலாம் என்று நினைப்பதும் தவறு.

சில செய்திகள் வருடம் தவறாமல் திரும்பி வரும். 'செவ்வாய் நிலவைப் போலப் பெரிதாகத் தெரியும்' என்பது 2003 ஆகஸ்டில் செவ்வாய் மிக அருகே வந்தபோது கிளம்பிய வதந்தி. அப்போதும் அது ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது.

ஐந்தாம் படி: நேரலையைத் தயாராக இருந்து பாருங்கள்

ஒரு தரையிறக்கத்தை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் பார்த்தால், கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் திரையைப் பார்ப்பதை நாம் பார்ப்பதாகத்தான் இருக்கும். முன்கூட்டியே நிகழ்வு வரிசையை எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள், ஒவ்வொரு வரியும் டிக் ஆகும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியதன் பதிவு இன்னும் கிடைக்கிறது. பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் இறக்கம் தொடங்குகிறது. முதலில் கடுமையான வேகக்குறைப்பு, அப்புறம் சாய்வு மாற்றம், அப்புறம் நுண்ணிய வேகக்குறைப்பு, கடைசியில் செங்குத்தான இறக்கம். மொத்தம் ஏறக்குறைய 19 நிமிடம். திரையில் திட்டமிட்ட பாதை ஒரு கோடாகவும், விண்கலம் வரும் பாதை அதன்மேல் ஊர்ந்துவரும் புள்ளியாகவும் இருக்கும். உயரத்தைவிட வேக எண்களைக் கவனியுங்கள். 2019 செப்டம்பரில் சந்திரயான் 2 இறங்கியபோது அந்தப் புள்ளி கோட்டை விட்டு விலகியதைப் பார்த்தவர்களுக்கு 2023-இல் ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முந்தைய தோல்வியைத் தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் நேரலையை முழுதாகப் பார்ப்பது.

செவ்வாய் என்றால் தாமதத்தையும் கணக்கில் வையுங்கள். 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவியரன்ஸ் வளிமண்டலத்துக்குள் நுழைந்து தரையைத் தொட ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆனது. சமிக்ஞை பூமிக்கு வர பதினொரு நிமிடத்துக்கு மேல். 'நுழைந்தது' என்ற செய்தி வந்தபோது உலாவி ஏற்கெனவே தரையில் இருந்தது. பூமியிலிருந்து யாரும் எதையும் ஓட்டவில்லை, எல்லாம் அதுவே செய்தது.

ராக்கெட் ஏவுதலில், நெருப்பும் புகையும் முடிந்ததும் போய்விடாதீர்கள். பிறகுதான் கட்டம் பிரிதல், மேல்மூடி விலகல், விண்கலம் பிரிதல், சூரியத் தகடுகள் விரிதல், முதல் சமிக்ஞை எல்லாம் வரும். சூரியத் தகடு விரிந்து சமிக்ஞை கிடைக்கும் வரை அந்தப் பயணம் தொடங்கியதாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

ஆறாம் படி: வெளியே போய் நிமிர்ந்து பாருங்கள்

செய்தியில் படிப்பதை வானத்தில் பொருத்திப் பார்த்தால்தான் ஆர்வம் நிலைக்கும். எளிதான தொடக்கம் விண்வெளி நிலையம். 2000 நவம்பரிலிருந்து அதில் மனிதர்கள் இல்லாத நாளே இல்லை. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்திலோ விடியலுக்குச் சற்று முன்போ, தரை இருட்டாகவும் நிலையத்தின் மேல் வெயிலாகவும் இருக்கும்போது தெரியும். மினுக்காமல், பொலிவாக, சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். மினுக்கினால் அது விமானம். ஹெவன்ஸ் அபவ் தளத்தில் நீங்கள் இருக்கும் இடத்தைக் கொடுத்தால் நேரமும் திசையும் சொல்லும். கோள்களையும் விண்மீன்களையும் அடையாளம் காண ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் போதும்.

எரிகல் பொழிவுச் செய்திகளில் 'மணிக்கு 150' என்று படித்துவிட்டு வெளியே போனால் ஏமாற்றம்தான். ஜெமினிட் பொழிவுக்குச் சொல்லும் அந்த எண், முழு இருட்டில், எரிகற்கள் கிளம்புவதாகத் தெரியும் புள்ளி நேர் தலைக்கு மேலே இருந்தால் கிடைக்கக்கூடியது. விளக்கு வெளிச்சம் உள்ள இடத்தில் அதில் சிறு பங்குதான் தெரியும். டிசம்பர் 13, 14 இரவில், நிலவில்லாத நேரத்தில், கண்கள் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது கொடுத்துவிட்டுப் பாருங்கள். அதுவரை கைபேசித் திரையைப் பார்க்கக் கூடாது.

வால்வெள்ளிகளை யாராலும் உறுதியாகக் கணிக்க முடியாது. 'நூற்றாண்டின் வால்வெள்ளி' என்று புகழப்பட்ட ஐசான் 2013 நவம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றும்போதே சிதைந்துபோனது. 2020 மார்ச்சில் கண்டுபிடிக்கப்பட்ட நியோவைஸ் அதே ஜூலையில் வெறுங்கண்ணுக்கே அழகாகத் தெரிந்தது. சூரியனைச் சுற்றிவந்து பிழைத்த பிறகு வரும் செய்தியை நம்புங்கள்.

கருவி வாங்கத் தோன்றினால் முதலில் 7x50 அல்லது 10x50 பைனாகுலர். வியாழனின் நான்கு பெரிய நிலவுகள், நிலவின் பள்ளங்கள், ஆண்ட்ரோமீடா பேரடை எல்லாம் அதிலேயே தெரியும். ஓராண்டு அதைப் பயன்படுத்திய பிறகு தொலைநோக்கியைப் பற்றி யோசிக்கலாம். அட்டைப்பெட்டியில் 500 மடங்கு உருப்பெருக்கம் என்று எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள். ஒளியைச் சேகரிக்கும் வாயின் அகலம்தான் கணக்கு. எந்தக் கருவியாக இருந்தாலும் உரிய வடிகட்டி இல்லாமல் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. கண் ஒரு நொடியில் போய்விடும்.

ஏழாம் படி: நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்

வானியலில் ஆர்வலர்களின் உழைப்புக்கு உண்மையான இடம் இருக்கிறது. 2007-இல் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தில் பேரடைப் படங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்த ஹனி வான் ஆர்க்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, விளக்க முடியாத ஒரு மேகத்தைக் கவனித்துக் கேட்டார். இன்று அது அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. 2019-இல் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் வால்வெள்ளியைக் கண்டுபிடித்த கெனாடி போரிசோவ், தானே செய்த 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியைத்தான் பயன்படுத்தினார். சூரியனைப் பார்க்கும் சோஹோ விண்கலத்தின் படங்களில் 5,000-க்கும் மேற்பட்ட வால்வெள்ளிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டிலிருந்தபடி படங்களைத் துழாவிய ஆர்வலர்கள்.

தொடங்க ஜூனிவர்ஸ் தளம் நல்ல இடம். திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, சில நிமிடப் பயிற்சி முடித்து, வகைப்படுத்தத் தொடங்கிவிடலாம். படங்களோடு விளையாடப் பிடித்தவர்கள் வியாழனைச் சுற்றும் ஜூனோவின் ஜூனோகேம் பக்கத்துக்குப் போங்கள். செயலாக்கப்படாத படங்களை அப்படியே வெளியிடுகிறார்கள். நீங்கள் பார்த்து மயங்கிய வியாழன் மேகப் படங்களில் பல, ஆர்வலர்கள் கணினியில் உருவாக்கியவை.

வானத்தைப் பார்க்கப் பிடித்தவர்களுக்கு மாறொளிர் விண்மீன்கள், அதாவது பொலிவு கூடிக் குறையும் விண்மீன்கள், இருக்கின்றன. 1911-இல் தொடங்கிய அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் உலகம் முழுவதிலிருந்தும் ஆர்வலர்களின் அளவீடுகளைச் சேகரிக்கிறது. வட மகுடம் விண்மீன் குழுவில் உள்ள டி கொரோனே போரியாலிஸ் அவர்கள் காத்திருக்கும் விண்மீன்களில் ஒன்று. 1866-இலும் 1946-இலும் வெடித்தது. சாதாரணமாகப் பொலிவெண் 10, வெடித்தால் 2 வரை ஏறும். அடுத்த வெடிப்பை எதிர்பார்த்துப் பலமுறை தேதி குறித்துச் செய்திகள் வந்தன. தேதி சொல்பவர்களை நம்பாமல், அந்தக் குழுவின் வழக்கமான வடிவத்தைக் கண்ணுக்குப் பழக்கிவிடுங்கள். புதிதாக ஒரு புள்ளி வந்தால் தெரிந்துவிடும்.

அளவிடும் முறை எளிது. சங்கம் தரும் வரைபடத்தில் பக்கத்து விண்மீன்களின் பொலிவெண்கள் இருக்கும். உங்கள் விண்மீன் எதைவிட மங்கல், எதைவிடப் பொலிவு என்று பார்த்து நடுவில் ஒரு எண்ணை மதிப்பிடுங்கள். உலகப் பொது நேரத்தில் தேதியும் நேரமும், பயன்படுத்திய ஒப்பு விண்மீன்களும் சேர்த்து அனுப்புங்கள். விண்மீன் தெரியவே இல்லையா? அதையும் அனுப்புங்கள். உங்களுக்குத் தெரிந்த மிக மங்கலான ஒப்பு விண்மீனின் எண்ணைக் குறித்து, 'இதைவிட மங்கல்' என்று பதிய அவர்களின் படிவத்தில் இடம் உண்டு. நாளை வெடிப்பு நடந்தால், அது எந்த இரவுக்குப் பிறகு தொடங்கியது என்று கணக்கிட அந்தப் பதிவுதான் உதவும்.